முதுகு காட்டிய பாட்டுக்காரி

கல்யாண மண்டபத்தில் கோபப்பட்டுப் பாடினால் எவன் வந்து சாப்பிடுவான்? அதனால்தான் பேண்டில் பாடும் நர்மதா பாட்டையெல்லாம் மெதுவாக்கிவிட்டாள் என்று டிரம்ஸ் வாசிக்கும் தீனதயாளன் நம்பினான். சீமையில் வேலையில்லாத பையன்கள் தொண்டை கிழியக் கத்திய பங்க் பாட்டுகள், அதற்குப் பின்னால் வந்த நியூ வேவ் பாட்டுகள், எல்லாவற்றையும் அவள் பிரேசில்காரர்களின் போசா நோவா பாணிக்கு மாற்றித் தாலாட்டுப் போலப் பாடினாள். அரசாங்கத்தைக் கிழிக்கிற வரியைக்கூடச் சிரித்துக்கொண்டே பாடினாள். திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல் ரிக் முதலாளிகள் அதைக் கேட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். இங்கிலீஷ் வார்த்தை யாருக்குப் புரிந்தது?

தீனதயாளனுக்கு மனம் கசந்துபோயிருந்தது. குமாரபாளையத்தில் விசைத்தறி இரைச்சலில் பிறந்து வளர்ந்தவன் அவன். அந்த இரைச்சலை மிஞ்ச வேண்டும் என்றுதான் டிரம்ஸ் பக்கமே வந்தான். இப்போது நர்மதா குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, சத்தம் எழாமல் தேய்த்து வாசிக்கிற கம்பி பிரஷைக் கையில் கொடுத்திருந்தாள்.

"ஒட்டடை அடிக்கிற மாதிரி இருக்குது அம்மணி," என்பான்.

"அடிங்கண்ணா, ஊடு சுத்தமாகட்டும்," என்று அவளும் விடமாட்டாள். இரண்டு பேரும் ஒரே வீதிக்காரர்கள்.

கசப்பை அவன் வெளியே சொல்வான். சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த பிரஷ் சத்தம் அவனுக்குக் கேட்பதே இல்லை. சேலத்து டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரைச்சலே ஆகாது, டிரம்ஸை மூட்டை கட்டிவையுங்கள் என்று சொல்லிவிட்டார். கேட்காதவனை வைத்துக்கொண்டு எந்த பேண்ட் வாசிக்கும்? வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தறியையும் விற்றாகிவிட்டது. டிரம்ஸும் போனால் அவன் யார் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

சமாளித்ததெல்லாம் ஊர்ப் பழக்கத்தால்தான். தறிக்குடோனில் குரல் எடுபடாது. அங்கே வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள், எதிராளி உதட்டைப் பார்த்தே பதில் சொல்வார். தீனதயாளனும் நர்மதாவின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே தாளம் போட்டுவந்தான்.

அன்று மல்லசமுத்திரத்தில் சாயங்கால வரவேற்பு. மேடை ஜோடனைக்காரர் மணியன் நடுவில் ஒரு பூ வளைவை நிறுத்தி, அதற்குக் கீழே நர்மதாவைக் கூட்டத்தைப் பார்க்க நிற்கவைத்தார். டிரம்ஸை நேர் பின்னால் தள்ளிவிட்டார். "வீடியோவுக்கு அப்பத்தானுங்க எடுப்பா இருக்கும்," என்றார்.

அவளுடைய முதுகைப் பார்த்து எதைப் படிப்பது? கிடார் வாசிக்கும் வளவனின் கையைப் பார்த்து முதல் பாட்டை ஒப்பேற்றினான். இரண்டாவதில் வளவன் அடிக்கடி திரும்பி முறைத்தான். மூன்றாவது பாட்டு முடிந்தது. கூட்டம் கை தட்டி ஓய்ந்தது. தீனதயாளனின் பிரஷ் மட்டும் ஓயவில்லை. தலை குனிந்து, மனசுக்குள் ஓடிய பாட்டுக்கு அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தபோது மண்டபமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கூசிப்போயிற்று.

நர்மதா திரும்பினாள். மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, குடோனில் பேசுவதுபோல் வாயை மட்டும் அசைத்தாள்.

"கேக்கலீங்களாண்ணா?"

"உனக்கு எப்பத் தெரியும்?" அவனும் சத்தமில்லாமல் கேட்டான்.

"தறிச் சத்தமே இல்லாத டீக்கடைலயும் என்ற வாயையே பாத்துட்டு நின்னீங்களே, அப்பவே தெரியும். அதுக்குத்தான எல்லாப் பாட்டையும் மெதுவாக்குனேன். இருக்கற காதாச்சும் மிஞ்சட்டும்னு."

கல்யாணக்காரர்களுக்காக இல்லை. அவனுக்காக. கத்துவதற்கென்றே பாட வந்தவள், அவன் காதுக்காகத் தன் தொண்டையைக் கட்டிப்போட்டிருக்கிறாள். பழைய பாட்டாக இருந்தால் நெஞ்செலும்பிலாவது அதிரும், பாதத்திலாவது ஏறும். இந்த மெதுவான பாட்டுகள்தான் அவனுக்கு எட்டுவதே இல்லை. அதை எந்த வாயால் சொல்வது? சொல்லி, அவள் விட்டதெல்லாம் வீண் என்று ஆக்குவதா? அவனுக்கு அழுகை வந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

"இப்பப் பரவாயில்லீங்களா? மெதுவாப் பாடுனா கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது அம்மணி. நீ பாடு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறிக்குடோனில் வளர்ந்தவளிடம் உதட்டால் பொய் சொல்வது லேசில்லை. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

கீழே மணியன் இரண்டு கையையும் ஆட்டினார். "ஏனுங்க, வீடியோ ஓடுதுங்க! இந்தப் பக்கம் திரும்புங்க!" பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்மதா முதுகைக் காட்டியபடியே மைக்கை எடுத்தாள். அவன் படிப்பதற்காக ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயைக் காது வரை திறந்து பாடத் தொடங்கினாள்.

மண்டபத்துக்கு அது தாலாட்டு. ஒன்றும் கேட்காத தீனதயாளனுக்கோ அவள் பழையபடி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் பிரஷை எடுத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்து வாசித்தான்.