உருண்டு நின்ற துளி

கொத்தனார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்த விதத்திலேயே விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வருகிறவர் என்றால் டொக்கென்று போடுவார். இவர் சத்தமில்லாமல் வைத்தார்.

"கண்ணாடிக்கா, இது நீங்க போட்ட கல்லுதானா? மணல்ல புரண்டாலும் கோடு விழாதுன்னீங்க. மூணே வாரம். என் மூஞ்சியில இருக்கிற கோட்டைவிட இதுல அதிகம்."

குனிந்து பார்த்தாள். பொய்யில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்.

போனுக்கும் கடிகாரத்துக்கும் மேல்கண்ணாடி மாற்றுவது அவள் தொழில். அதனால் தெருவுக்கே அவள் கண்ணாடிக்கா. வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். போன் கைதவறி விழுகிற சாமான். அதற்குக் கெட்டிப்படுத்திய கண்ணாடி போதும், அடியைத் தாங்கிக்கொள்ளும். கடிகாரம் சுவரிலும் செங்கல்லிலும் உரசுகிற சாமான், அதற்கு சஃபையர். உலையில் உருக்கி வளர்க்கிற கல் அது. மணலுக்கு அசையாது, ஆனால் ஓங்கி அடிபட்டால் பட்டென்று போய்விடும். "போனுக்கும் கல்லே போட்டுடுங்க" என்று இதே கொத்தனார் கேட்டபோது, "வேண்டாம்ணே, விழுந்தா உடைஞ்சிடும்" என்று மறுத்தவள் அவள். அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் கடைக்கு ஆள் வந்தது.

"சாயங்காலம் வாங்கண்ணே, பார்த்து வெக்கிறேன்."

"பாருங்க. நானும் செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குறவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லை மாட்டியது அவள். சரக்கு எடுத்து வந்தது கொழுந்தன். மாட்டிய கடிகாரத்தைக் கொத்தனார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததும் கொழுந்தன்.

சந்தேகம் வந்த மனசு சும்மா கிடக்குமா? போன வாரம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினானே, யாரோடு? பொட்டலத்தைப் பிரிக்கப் போனால் "குடுங்கண்ணி, நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கிக்கொள்கிறானே, எதற்கு? நேற்றுவரை அதற்குப் பெயர் மரியாதை. இன்றைக்கு அதுவே கள்ளத்தனமாகத் தெரிந்தது. அவன் வேலைதான் என்று தெரிந்தால் இன்றோடு கடைச்சாவியை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி.

கடிகாரத்துக்கென்று கடையில் இரண்டு தட்டுகள்: ஒன்றில் கண்ணாடி வில்லை, ஒன்றில் சஃபையர் வில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சஃபையர் தட்டை இழுத்து, ஒவ்வொரு வில்லையிலும் ஒரு துளி தண்ணீர் விட்டாள். கண்ணாடியில் துளி பரவும், சஃபையரில் உருண்டு நிற்கும் என்பது அவள் கைகண்ட சோதனை. போன மாதம் இரண்டு தட்டும் கவிழ்ந்து வில்லைகள் கலந்தபோதுகூட இப்படித்தான் அரை மணியில் பிரித்து அடுக்கினாள். யாரிடமும் சொல்லக்கூட இல்லை.

எட்டு வில்லையிலும் துளி உருண்டு நின்றது. கொத்தனார் கடிகாரத்தில் மட்டும் சப்பென்று பரவியது.

சரக்கு சரி, கடிகாரத்தில் இருப்பது வேறு. அப்படியென்றால் வழியில்தான் கல்லைக் கழற்றியிருக்க வேண்டும்.

கொழுந்தன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"கொத்தனார் வாட்சை அன்னைக்கு நேரா கொண்டுபோனியா, எங்கயாவது நின்னியா?"

"நின்னேன். சிக்னல்ல."

"கிண்டலை விடு."

அவன் கடிகாரத்தையும் தட்டையும் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "சுத்தி வளைக்காதீங்கண்ணி. நான் கல்லை மாத்திட்டேன்னு நினைக்கிறீங்க, அதானே?"

கடைச்சாவி இருக்கும் அவன் பைமேல் அவள் பார்வை போனது. அதுவே பதிலாகிவிட்டது. அவன் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினான். படிந்த ஆவி நிதானமாகக் கலைந்தது. தட்டிலிருந்து ஒரு வில்லையைத் துடைத்து ஊதினான்; ஆவி படிந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்ததில் மறுபடி நிதானம். எட்டையும் ஊதி முடித்து மூன்றைத் தனியே தள்ளினான்.

"சஃபையர் சூட்டைச் சட்டுனு கடத்தும், ஆவி நிக்காது. இந்த மூணும் கண்ணாடி."

"துளி உருண்டு நின்னுச்சே?"

"கைரேகை ஒட்டாம இருக்க மேல ஒரு பூச்சு பூசி வருது இப்போ. அது இருக்கிறவரைக்கும் கண்ணாடியிலயும் தண்ணி உருளும். மணல் தேய்ச்சா பூச்சு போயிடும். நான் ஒவ்வொண்ணா ஊதிப் பார்த்துதான் தட்டுல வெக்கிறேன். இது எப்படிக் கலந்துச்சு?"

சரக்குக் கடைக்காரன் கலந்து அனுப்பியிருப்பான், ஊதும்போது உன் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் நம்பிவிடுவான். அந்த நம்பிக்கைதான் அவளைத் தடுத்தது.

"நான்தான். தட்டு கவிழ்ந்துடுச்சு. துளி விட்டுப் பிரிச்சேன்."

"அதுக்கப்புறம் எத்தனை வாட்ச் போயிருக்கு?"

"கொத்தனாரோட சேர்த்து ஏழு."

சாவியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

"இருக்கட்டும். எனக்கு இன்னும் மனசு ஆறலை" என்றவன், கொத்தனார் எண்ணைத் தானே அழுத்தி போனை அவள் முன்னால் வைத்தான். "நீங்களே பேசுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது. அவன் வெளியே போகாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க கண்ணாடிக்கா" என்றது குரல்.

"அண்ணே, தப்பு நான் பண்ணது. வேற யாரும் இல்லை" என்று ஆரம்பித்தாள்.