பூசாத முனைகள்

ராக்கெட் மோட்டார் வெடித்த மறுநாள் காலை, செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் கோகிலனும் உதவியாள் தேவனும் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. ரப்பர் ஷீட்டு காயவைத்த புகைவீட்டின் செங்கல் சுவர்கள் மட்டும் மிச்சம். ஈப்போ ஆய்வுக்கூடத்து ராக்கெட் மோட்டார்களை அந்தச் சுவர்களுக்குள்தான் எரித்துப் பார்ப்பார்கள். வானிலை அளக்கும் சின்ன ராக்கெட். ஆள் உயரம்கூட இருக்காது.

“அலாமாக், நேத்து சத்தத்துல இங்க மேஞ்ச மாடெல்லாம் இந்நேரம் சுங்காய் டவுனையே தாண்டியிருக்கும் லா” என்றான் தேவன்.

கோகிலன் சிரிக்கவில்லை. பிரமிளா இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

வெடித்த மோட்டாருக்கு எரிபொருள் வார்த்தவள் பிரமிளா, கோகிலனின் மனைவி. அவள் கையால் வார்ப்பாள். அவன் கணினியில் எரிப்பான். அழுத்தம் எவ்வளவு ஏறும், குழாய் தாங்குமா என்று அவன் திரை சொன்ன பிறகுதான் நெருப்பு வைப்பார்கள். இந்த முறை திரை நாற்பது பார் அழுத்தம் என்றது. குழாய் அறுபது தாங்கும். அரை விநாடியில் கிழிந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் நின்றதால் யாருக்கும் காயமில்லை.

வார்ப்பில் காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். இன்று மதியம் அறிக்கை போகிறது.

“அண்ணே, இது பாதி எரியாம அணைஞ்சு கெடக்கு.”

மட்டைக்கடியிலிருந்து தேவன் எடுத்துக் கொடுத்தது எரிபொருள் உருளை ஒன்றின் பாதி. உடைந்த பக்கத்தைக் கோகிலன் வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒரு குமிழி இல்லை. முனையைத் திருப்பினான். அங்கே தீப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு பூசியிருக்க வேண்டும். பூச்சு இல்லை. முனை முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரமிளா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது.

“கேட்டீங்களா, பூச்சு தீந்துபோச்சு. இந்த நாலு உருளைக்கும் முனை பூசல. கம்ப்யூட்டர் மாடல்ல மாத்திட்டு, புகை போற வாய் அளவு சொல்லுங்க. கொஞ்சம் பெருசா கடைஞ்சுக்கலாம்.”

“ம்.”

“என்ன ம்? எட்டு முனையும் சேர்ந்து எரியும். அழுத்தம் கூடிடும்.”

“மாத்துறேன் லா.”

எந்த மாற்றமும் ஆய்வுக்கூடப் பலகையில் ஏற வேண்டும் என்பது விதி. புருஷன் பெண்டாட்டிக்கு எதற்குப் பலகை? மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். டெங்கி. ஒன்பதாம் நாள் இல்லை. வேலைக்குத் திரும்பியவன் மாடலைத் திறந்தான். எட்டு முனையும் பூசியதாகவே கிடந்தது. அப்படியே ஓட்டினான்.

ஈப்போவில் இயக்குநர் ஸ்கந்தராஜா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“தம்பி, நான் அந்தப் பிள்ளையின்ர பேரைப் போடேல்லை. வார்ப்புக் குறை எண்டு மட்டும்தான்.”

“வார்க்கிறது ஒருத்திதான் சார்.”

கருகிய முனையைக் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கோகிலன் காட்டினான். நடந்ததைச் சொன்னான்.

“பலகையில இல்லையே?”

“வீட்டுல சொன்னா.”

“அப்ப உமக்கு மட்டும்தான் தெரியும்.” ஸ்கந்தராஜா கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இதை எழுதினா அடுத்த மோட்டாரை உம்மட்டத் தரமாட்டினம்.”

“தெரியும் சார். எழுதுங்க.”

அவர் வார்ப்புக் குறை என்ற வரியை அடித்தார். மேலே கோகிலனின் பெயரை எழுதினார்.

“எப்ப சொன்னவ? தேதி வேணும்.”

“காய்ச்சல் வர்றதுக்கு மொத நாள்.”

எழுதிக்கொண்டே, ஆறுதலாக ஏதாவது கேட்க வேண்டுமே என்று அவர் கேட்டார்.

“அண்டைக்கு நல்லாத்தானே இருந்தவ?”

கோகிலன் யோசித்தான். கத்தி பலகையில் படும் சத்தம் ஞாபகம் இருந்தது. அவள் குரல் இருந்தது. முகம் வரவில்லை.

“தெரியல சார்” என்றான். “நான் நிமிந்து பாக்கல.”