கேட்கக் கூடாதவர்

ஹெல்சிங்கி நகரத்தில் உதயசூரியன் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில், "எங்கே போகிறீர்கள்?" என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. பதினோரு ஆண்டுகள் ஒரே லிஃப்டில் ஏறியிறங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கதவைப் பார்த்தபடியேதான் வருவார். முதல் மூன்று குளிர்காலமும் உதயசூரியன் அழுதார். நான்காவதில் அந்த மௌனத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தார். அழுகை நின்றது, புத்தகம் தொடங்கியது.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெயர், 'வினா என்னும் விலங்கு'. ஒரு மனிதனை இன்னொருவன் கேள்வி கேட்பதே ஆதிக்கத்தின் முதல் படி; "சாப்பிட்டீங்களா" என்பது வயிற்றின் மீதான படையெடுப்பு. ஓய்வுபெற்றுத் திருவரங்குளம் திரும்பியதும் இதை நூலகத்தில் இரண்டு மணி நேரம் விளக்கினார். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். முடிவில் "கேள்விகள் ஏதும்..." என்று தானே தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தத்துவம் ஊருக்குப் பிடிபடவில்லை. சாமி இல்லை என்கிற மனுஷன் ஏதோ விரதம் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். "சார்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதாம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாயிற்று. ஒன்றரை வருடமாக அந்த விரதத்தை யாரும் கலைக்கவில்லை.

போன வாரம் புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார். "வியாழக்கெழம டாக்டர் பேசணுங்கிறாரு. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ். வீட்டில் ஆளில்லை. ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வரமுடியுமா என்று கேட்பது, ஏழாம் அத்தியாயப்படி, வன்முறை. பிறர் கேட்டால் பதில் சொல்லத் தடையில்லை.

வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிப் பெயர் வெளியே தெரியும்படி ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். எதிர்வீட்டு சொர்ணவல்லி கவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "வெயிலுக்கு முன்ன வந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் செல்லமுத்துவின் டீக்கடை. "ஒரு ஆளோட வரச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றார் உதயசூரியன், வானத்தைப் பார்த்து. இது கேள்வியல்ல.

செல்லமுத்து கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார். "ஏன் சார், ஒடம்புக்கு..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார். பழக்கதோஷம். இனிமே கேக்க மாட்டேன்."

கேளு என்று ஒரு சொல் போதும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் குறுக்கே நின்றது. பஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: "பேரு? வயசு? கூட யாரு வந்துருக்கா?"

உதயசூரியன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேரை, வைத்தவர் யார் என்பதோடு சொன்னார். வயசைப் பிறந்த கிழமையோடு சொன்னார். மூன்றாவதுக்கு, "வெளிய நிக்கிறாரு" என்றார்.

"கூப்புடுங்க. டாக்டர் வந்துட்டாரு."

உதயசூரியன் எழுந்து வெளியே போய் நின்றார்.