அக்காவின் தட்டு

விடியுமுன்பே எங்கள் லேபில் வேலை தொடங்கிவிடும். கிருமி வளர்க்கும் அகர் கூழைச் சுடச்சுட நூறு கண்ணாடித் தட்டுகளில் ஊற்ற வேண்டும். ஆவியில் முகம் வெந்துபோகும்.

நோயாளியின் சீழிலிருந்து வளர்த்த கிருமியை அதில் பூசி, மேலே மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டம் விழும். அதை அளக்க ஒரு முழு நாள் பொறுக்க வேண்டும். போன மாதம் முதலாளி அதிலும் கைவைத்தார். காலையில் வைத்த தட்டுக்குச் சாயங்காலமே ரிப்போர்ட் வேண்டுமாம். தட்டு கழுவும் அக்கா அன்றன்றே எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். மறுநாள் என்ன முளைத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

அழிக்க அடுக்கும்போது விரிசல் விட்ட ஒரு தட்டு அக்காவின் கையைக் கிழித்தது. நல்ல கையுறை கேட்டு மூன்று மாதமாகியிருந்தது. கை வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய சீழ் எங்களிடமே வந்தது. சாயங்காலம் பார்த்தேன், வட்டம் பளிச்சென்றிருந்தது. மருந்து கேட்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா இல்லாததால் தட்டுகளை அழிக்க ஆளில்லை. மறுநாள் விடியலில், தட்டுகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாய்க் கிருமி முளைத்திருந்தது. பாவி நான், ராத்திரி முழுக்க அவளுக்குக் கேட்காத மருந்தை ஏற்ற வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"மருந்த மாத்திடுறோம். கை தப்புமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

முதலாளி வந்ததும் தட்டைக் காட்டினேன்.

"ஒரு தட்டுக்கு ஊரைக் கூட்டுவியா?"

"ஒண்ணில்ல சார். நேத்து ரிப்போர்ட் கொடுத்த பன்னெண்டு பேர்ல நாலு பேருக்கு இப்படி."

"கையெழுத்துப் போட்டது யாரு? மாட்டினா நீதான் உள்ள போவ."

அது உண்மை. என்னோடு வேலை பார்க்கும் நெட்டை, பக்கத்தில் நின்றவன், பேனாவை மூடிப் பைக்குள் வைத்தான்.

"அதனாலதான் சார், ஒரு நாள் முடியாம இனிமே நாங்க யாரும் கையெழுத்துப் போடமாட்டோம்."

"நாளைக்கே வேற ஆளு வருவான்."

"வரட்டும் சார். அவனுக்கும் இந்தத் தட்டக் காட்டுறோம்."

மத்தியானம் அக்கா போனில் வந்தாள். குரலே எழும்பவில்லை.

"என் தட்ட அழிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா."

"அழிக்காதீங்க. கைய எடுத்தா அதையும் தட்டையும் சேர்த்து அவரு மேசைல வைக்கலாம்."

சாயங்காலம் ரிப்போர்ட் கேட்டு முதலாளி மூன்று முறை வந்தார். இன்குபேட்டர் கதவை மறித்து லேபில் வேலை செய்யும் எட்டுப் பேரும் நின்றோம். உள்ளே தட்டுகளுக்கு ஒரு நாள் முடிய இன்னும் பதினான்கு மணி நேரம் இருந்தது.