இருபத்திமூணாம் நம்பர் ரூமுக் குழாய்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆளில்லாத எடத்துல தண்ணி ஓடுற சத்தம் கேட்டா உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும். எங்க வீட்டுக்காரரு பெத்தன் தண்ணி லாரி ஓட்டுறாரு. விடியுறதுக்குள்ள போயி போர்வெல்லுல வரிசை கட்டி நின்னு, லாரிய ரொப்பி, காரைக்குடித் தெருவெல்லாம் கொண்டாந்து ஊத்துற மனுசன். அந்தத் தண்ணிதான் எங்க ஹாஸ்டலுக்கும் வருது. எங்க ஹாஸ்டல்னா நான் படிக்கிறேன்னு நெனச்சுராதீக. குன்றக்குடி ரோட்டுல ஒரு காலேஜோட பொம்பளப் புள்ளைக ஹாஸ்டல்ல நான் செக்யூரிட்டி. பேரு மீனம்மாள். ஆறு வருசமா அங்கதான் கெடக்கேன்.

புள்ளைக வகுப்புக்குப் போன பெறகு மணிக்கொரு தடவ மூணு மாடியும் சுத்தி வரணும். ஃபேன் ஓடுதா, லைட்டு எரியுதா, வேத்து ஆளு யாரும் திரியுதான்னு பாத்து ரெஜிஸ்டர்ல எழுதணும். எல்லா ரூமையும் தொறக்குற சாவி ஒண்ணு என் இடுப்புலயே தொங்கும். போன வருசம் வரைக்கும் வார்டன் துர்காதேவி மேடம் சொன்னா போதும், தொறந்து உள்ள போயிருவேன். பொட்டியத் தொறப்போம், மெத்தயப் பெரட்டுவோம், போட்டது போட்டபடி வந்துருவோம்.

அதுக்கு வேட்டு வச்சவ இருபத்திமூணாம் நம்பர் ரூமு சுஹானா. இளையான்குடிக்கு அங்குட்டு ஒரு ஊரு அவளுக்கு. எங்க துணிமணிய எல்லாம் கலச்சுப் போட்டுட்டுப் போறாகன்னு மனு எழுதி, அறுபது புள்ளைககிட்ட கையெழுத்து வாங்கி, பிரின்சிபால் கையில நேராக் குடுத்துட்டா. அவரும் புதுச் சட்டம் போட்டு மாடிப்படிக்குக் கீழ ஒட்டிட்டாரு. புள்ளைக இல்லாத நேரம் ரூமுக்குள்ள போனா வார்டனும் செக்யூரிட்டியும் சேந்துதான் போகணும். தனியாப் போயி எதப் பாத்தாலும் அத வச்சுப் புள்ள மேல நடவடிக்கை எடுக்க முடியாது. தீப்பிடிச்சாலோ, யாருக்காச்சும் உடம்பு முடியாமப் போனாலோ மட்டும் விதிவிலக்கு.

எனக்குக் கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம். நாங்க என்ன களவாணிகளா? எலி வளையானாலும் தனி வளை வேணும்பாக, அது நியாயந்தான். ஆனா அத அந்தப் புள்ள எழுதிக் கேக்கவும் எனக்கு ஆகல. அதுக்கப்பறம் அவ குழாய மூடாமப் போனாலும், படியில செருப்பக் கழட்டிப் போட்டாலும் நல்லா ஏசிருவேன். பதிலே பேச மாட்டா. அந்தத் திமிரு வேற எனக்குப் புடிக்கல.

இந்த நோன்பு மாசத்துல ஒரு நாள், பதினொரு மணி இருக்கும், ரெண்டாவது மாடி சுத்தி வாரேன். இருபத்திமூணுக்குள்ள கொடகொடன்னு தண்ணி ஓடுது. வெளிய பூட்டு தொங்குது. காலையில குழாய்ல தண்ணி வரல, தொறந்து பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்குதுக. இப்ப லாரி வந்து தொட்டி ரொம்பிருச்சு. மேடத்தக் கூப்புடக் கீழ போயி வரணும்னா பத்து நிமிசம். பத்து நிமிசம் ஓடுனா எத்தன கொடம் போகும்? சட்டமாவது ஒண்ணாவது. தொறந்தேன், போனேன், மூடுனேன்.

திரும்பிப் பாத்தா மேசைக்குக் கீழ ஒரு சின்ன ரைஸ் குக்கர். நான் பாத்த அதே நேரம், ஏதோ வேலையா மாடிக்கு வந்த மேடமும் வாசல்ல நின்னு பாத்துட்டாக. ரூமுல கரண்டு அடுப்பு, குக்கர் இருந்தா ஹாஸ்டல விட்டே அனுப்பிருவாக. மேடத்தக் குத்தம் சொல்லவும் முடியாது. முந்துன வருசம் ஒரு கெட்டில்னால வயரு எரிஞ்சு, ராவெல்லாம் புள்ளைகளோட வெளிய நின்ன பொம்பள அவுக. அதோட அந்த மனு விசயத்துல அவுகளுக்கும் மனசுல ஒரு முள்ளு. ரெஜிஸ்டர எடுத்து, ரெண்டு பேரும் சேந்து போனோம்னு எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னாக. தனியாப் போனேன்னு சொன்னா எனக்கு மெமோ வரும்னும் சொன்னாக.

எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ. ஒண்ணு கேட்டுல கண்ணசந்ததுக்கு, இன்னொண்ணு ஒரு வாத்தியாரோட மல்லுக்கு நின்னதுக்கு. ரெண்டும் நெசந்தான். மூணாவது வந்தா என்னைய இந்த வேலைக்கு அனுப்பிருக்குற ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு அனுப்பிருவான். பயம் பாதி, அந்தப் புள்ளைக்கு நல்லா வேணும்ங்கிற எண்ணம் பாதி. போட்டுட்டேன்.

சாயங்காலம் சுஹானாவோட ஒரே ரூமுல இருக்குற புள்ள அக்‌ஷரா அழுதுக்கிட்டு வந்துச்சு. நோன்புக்கு விடியக்காலம் சாப்புடணும்ல, மெஸ்ஸு ஏழு மணிக்குத்தான் தொறக்கும், கஞ்சி வைக்கத்தான் அந்தக் குக்கராம். சுஹானாவுக்கு இது கடேசி வருசம், பரீச்சைக்கு மூணு வாரம் இருக்கு. ஹாஸ்டல்ல இருந்து ஒரு புகார் வந்தாலும் படிப்ப நிப்பாட்டிருவேன்னு மலேசியாவுல இருக்குற அவ அத்தா, அதான் அவ அப்பா, சொல்லித்தான் சேத்தாராம். சொல்லிட்டு அது போயிருச்சு. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி ஆகிப்போச்சு. யாருகிட்டப் போயி என்னன்னு சொல்ல?

மறுநாள் பிரின்சிபால் சத்தியமூர்த்தி ஐயா ரூமுல விசாரணை. மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல சுஹானா. ரெஜிஸ்டர வாசிச்சுக் காட்டுன ஐயா, ரெண்டு பேரும் சேந்து வந்தாகன்னு எழுதிருக்கு, நீ என்ன சொல்றன்னு கேட்டாரு. கெஞ்சுவான்னு நெனச்சேன். அவ என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

"மீனம்மாள் அக்கா கையெழுத்து இருந்தா அப்படித்தான் நடந்துருக்கும் சார். அவுக என்னையத் திட்டணும்னா மூஞ்சிக்கு நேராத்தான் திட்டுவாக. பொய்யி எழுத மாட்டாக."

ஆத்தாடி, அதக் கேட்டப்ப எனக்கு வந்த வெக்கம் இருக்கே, அத எந்தச் சீமையில போயிச் சொல்றது. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டுருந்தாக்கூடத் தாங்கிருப்பேன்.

"நான் தனியாத்தான் போனேன் ஐயா. தண்ணி ஓடுச்சு, பொறுக்க மாட்டாமப் போயிட்டேன். கையெழுத்துப் போட்டது பொய்யி."

மேடம் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. ஐயா ரெஜிஸ்டர மூடி வச்சாரு. பெறகு சட்டப்படி சுஹானா மேல ஒண்ணும் கெடையாது, குக்கர வீட்டுக்கு அனுப்பிரணும், நோன்பு முடியிற வரைக்கும் மெஸ்ஸுல விடியக்காலக் கஞ்சி குடுக்கணும்னு சொன்னாரு. மேடத்த இருக்கச் சொல்லி, எங்க ரெண்டு பேரயும் வெளிய போகச் சொன்னாரு. மேடத்துக்கும் மண்டகப்படி நடந்துருக்கும், எனக்குத் தெரியாது. எனக்குச் சாயங்காலம் ஆள் விட்டுச் சொன்னாரு, ஏஜென்சிக்கு எழுதுறேன், பதில் வர்ற வரைக்கும் வேலைக்கு வர வேணாம்னு.

நாலு நாளு வீட்டுல இருந்தேன். இந்த வேலை போனா அடுத்தது என்னங்கிற நெனப்புலயே சோறு எறங்கல. பெத்தன் மட்டும் கொழம்ப ஊத்திச் சாப்புட்டுக்கிட்டே, நான் ஏத்துன தண்ணிக்காக எம்பொண்டாட்டி வேலையே போகுதுன்னா எனக்குப் பெருமதான்னாரு. போயா அங்குட்டுன்னுட்டேன். ஆனா மனசுக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு.

அஞ்சாம் நாளு ஐயா கூப்புட்டு விட்டாரு. என்னைய ரெண்டாவது மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. இருபத்திமூணாம் நம்பர் கதவுல நோட்டுத் தாளு ஒண்ணு ஒட்டிருந்துச்சு. 'நாங்கள் இல்லாதபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் மீனம்மாள் அக்கா தனியாக உள்ளே வரலாம்.' கீழ ரெண்டு கையெழுத்து. பக்கத்துக் கதவுலயும் ஒண்ணு. அதுக்கடுத்ததுலயும். மூணு மாடியிலயும் நாப்பத்தோரு ரூமுல முப்பத்தெட்டுல ஒட்டிருந்துச்சு. ஒட்டாத மூணு ரூமு அதுகளோட இஷ்டம், அதுல எனக்கு வருத்தமில்ல.

ஏஜென்சிக்கு இன்னும் எழுதல, தனியாப் போனதுக்கு இனி நான் என்னத்த எழுத, புள்ளைகளே எழுதிட்டாகன்னு ஐயா சொன்னாரு. பொய்க் கையெழுத்துக்கு அவரே கண்டிச்சு ஒரு தாளு குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். அது ஏஜென்சிக்குப் போகாதாம். என் வேலை போகாமத் தப்பிச்சுருச்சு. அந்தச் சந்தோசத்துல மாடி வராந்தாவுலயே நின்னு அழுதேன், அதச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

சாயங்காலம் சுஹானா வகுப்பு முடிஞ்சு வந்தா. கேட்டுலயே மறிச்சேன். என்னத்தா, உள்ள வரக் கூடாதுன்னு மனுக் குடுத்தவளே வரலாம்னு எழுதி ஒட்டிருக்கியேன்னு கேட்டேன்.

"வரக் கூடாதுன்னு நான் எங்கக்கா எழுதுனேன்? கேட்டுட்டு வாங்கன்னுதான் எழுதுனேன். இது வரைக்கும் யாரும் கேக்கவே இல்லையே."

சொல்லிட்டு செருப்ப ஒழுங்கா ஓரமாக் கழட்டி வச்சுட்டு மேல போயிட்டா. நான் அங்கயே நின்னேன். ஆறு வருசமா சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு, கேக்கணும்னு எனக்கு ஒரு நாளும் தோணல.