மூன்றாவது குறிப்பு

விக்டோரியாவுக்குக் கால் வலி வந்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். பிறகு அது போகவேயில்லை. வலிக்கிற காலோடு நடக்கப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான். படிக்கும்போதும் நின்றவள்தான். திருவனந்தபுரத்தில் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு, ஆறு மாதம் பிரசவப் படிப்பு, இங்கிலீஷில் பரீட்சை, கவுன்சிலில் பேர் பதிந்து கையில் காகிதம் என்று எல்லாப் படியும் ஏறி வந்தவள். ஆனால் அங்கே முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மூத்த நர்ஸ் நின்றுகொண்டிருப்பாள். தப்பு செய்தால் உடனே திட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பது எத்தனை பெரிய சுகம் என்று படிக்கிற பிள்ளைக்கு எங்கே தெரியும்? இங்கே இருபத்தெட்டுக் கட்டில். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர்.

கோட்டாற்றிலிருந்து மேற்கே போகிற ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் ராஜபாய். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்தவள்போல முகத்தை வைத்திருப்பாள். அவளுடைய மேசை இழுப்பறையில் கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. நர்ஸ் ஒருத்திக்கு ஒரு பக்கம். புதிதாக வருகிறவளை ஆறு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் அவள் பக்கத்தில் மூன்று குறிப்பு விழுந்தால் அந்த மாதக் கடைசியோடு பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். பெரிய டாக்டர் போட்ட விதி.

விக்டோரியா வந்து ஐந்து மாதமாகிறது. இரண்டு குறிப்பு விழுந்துவிட்டது. முதலாவது, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உதறும்போது கட்டில் கம்பியில் அடித்து உடைத்தது. சரி, அது தப்புத்தான். இரண்டாவது, ஒரு நாள் சாயங்காலம் நோயாளியின் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தது. 'நோயாளியின் கட்டிலில் அமர்ந்தாள்' என்று ராஜபாய் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தது ஒரு குற்றமா என்று கேட்க விக்டோரியாவுக்கு வாய் வந்தது. ஆனால் வாயைத் திறக்கக்கூட அன்றைக்குச் சீவனில்லை.

திரும்பிப் போக முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். குளச்சல் கடற்கரையில் அவளுடைய தெருவிலிருந்து வெள்ளைத் தொப்பி வைத்த முதல் பெண் அவள்தான். "கட்டுமரக்காரன் மவளுக்கு எதுக்குவே படிப்பு" என்று ஊரே அவளுடைய அப்பச்சனைக் கேட்டது. அந்த மனுஷன் ஊர் வாயை மூட முடியாமல் மூன்றரை வருஷம் தலையைக் குனிந்தபடியே மடிவலை இழுத்தார். இப்போது தங்கை குளோரியும் அதே படிப்புக்கு மனுப் போட நிற்கிறாள். அக்கா வேலையில் நிலைத்தால் தங்கை போகலாம். இல்லையென்றால் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், நோன்புக் காலம். மரியபுஷ்பம் என்ற பெண் வயிற்றில் ஒரு கட்டியோடு வந்து பன்னிரண்டாம் கட்டிலில் படுத்தாள். குளச்சல்காரி, விக்டோரியாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. விக்டோரியா அவளை மாமி என்றுதான் கூப்பிடுவாள். கட்டி ஏழு மாதப் பிள்ளையளவு இருந்தது. திங்கட்கிழமை காலை அறுவை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் நர்ஸ் இரண்டு வேலை செய்யவேண்டும். நோயாளியிடம் இனி வாயில் ஒன்றும் படக்கூடாது என்று சொல்லவேண்டும். பிறகு சாமான் அலமாரியைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துவந்து கட்டில் தலைமாட்டில் தொங்கவிடவேண்டும். அட்டையைக் கண்டால் எழுத்து தெரியாத வேலைக்காரிகூட அந்தக் கட்டிலுக்கு ஒரு சொட்டுக் கொண்டுபோக மாட்டாள்.

கடற்கரை ஆட்களிடம் 'ஒன்றும் சாப்பிடக்கூடாது' என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு விடிந்ததும் கஞ்சி குடிப்பார்கள். விக்டோரியா அவர்களில் ஒருத்தி. அதனால் அவளுக்கு ஒரு உபாயம் தெரியும். கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப்போகிற நாளில் அந்தச் சனம் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத்தண்ணிகூடத் தொடாது. உயிர் போனாலும் தொடாது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு அடிக்கப்போகிற நேரத்தில், பன்னிரண்டாம் கட்டில் பக்கம் நின்று சொன்னாள்.

"மாமி, நன்மை எடுக்கப்போற அன்னைக்கு எப்பிடி இருப்பியளோ அதே மாதிரி இருக்கணும். கேட்டியளா?"

"அதுக்கென்ன மக்கா, இருக்கேன்."

இதே உபாயம் இதற்கு முன் மூன்று பேரிடம் பலித்திருந்தது. சிஸ்டர் ராஜபாய் வேறு சபைக்காரி, அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று விக்டோரியாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. சாமான் அலமாரி வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. சாவி அலுவலறையில். கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. மாமியிடம் சொன்னதே போதும் என்று நினைத்தாள். அட்டையைத் தொங்கவிடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. மருந்து ஊசி போட்டாயிற்று. மரியபுஷ்பத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் படுக்கவைத்து, அவள் தலைமுடியை வெள்ளைத் துணிக்குள் ஒதுக்க விக்டோரியா குனிந்தாள். சுக்கும் கருப்பட்டியும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

"மாமி, என்ன குடிச்சிய?"

"காப்பி. தாணம்மா வாங்கித் தந்தா."

தாணம்மாள் வார்டு கூட்டுகிறவள். தூரத்தில் வாளியோடு நின்றிருந்தாள்.

"நன்மைக்கு இருக்க மாதிரி இருக்கணும்னு சொன்னேனே மாமி?"

"அப்பிடித்தானட்டி இருந்தேன்." மரியபுஷ்பத்துக்கு ஊசி மயக்கத்தில் நாக்கு தடித்திருந்தாலும் கோபம் தெளிவாக இருந்தது. "போன மாசம் பூசையில சாமியார் வாசிச்சாரே, நீ கேக்கல்லியா? ரோமாபுரியில இருந்து உத்தரவு வந்திருக்கு. இனி நன்மைக்கு முந்தி தண்ணி குடிச்சா தோஷமில்ல. சீக்காளியன்னா சாமியார்ட்ட கேட்டுக்கிட்டு தண்ணியா உள்ளது எதுவும் குடிக்கலாம். நான் கேட்டுட்டுத்தான் வந்தேன். ஏழு மணிக்கு ரெண்டு லோட்டா காப்பி, ஒரு கும்பா கஞ்சித்தண்ணி. பருக்கை ஒண்ணு உள்ள போவல்ல. துணியில வடிச்சுத்தான் குடிச்சேன்."

விக்டோரியா எந்தப் பிரசங்கத்தைக் கேட்டாள்? ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை டூட்டி. விடியற்காலைப் பூசைக்கு ஓடி, பிரசங்கம் தொடங்கும் முன்னே ஓடிவருகிறவள் அவள். நூற்றுக்கணக்கான வருஷமாக அசையாமல் நின்ற ஒரு விரதம், இவள் இங்கே கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு மாதத்துக்குள் அசைந்துவிட்டது. பட்ட காலிலே படும் என்பது இதுதான்போலும்.

மயக்க மருந்தான ஈதர் ஏறும்போது வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வரும். மயங்கிக் கிடப்பவளுக்குத் துப்பத் தெரியாது. அது மூச்சுக்குழலில் இறங்கும். புத்தகத்தில் அது அரைப் பக்கம். அவள் மனப்பாடமாக எழுதி முழு மார்க் வாங்கிய கேள்வி.

யாருக்கும் தெரியாது. அதுவும் அவள் மனசில் ஓடியது, ஓடவில்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. சிவப்பு அட்டையை இப்போது எடுத்துத் தொங்கவிட ஒரு நிமிஷம் போதும். ஈதர் நெடியில் சுக்கு வாசனை எந்த மூக்குக்கும் எட்டாது. எல்லோருக்குமா வாந்தி வருகிறது? மாமி பிழைத்தால் பிழைத்தாள். இல்லையென்றால் கட்டி பெரியது, ரத்தம் கெட்டது, கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. வாயைத் திறந்தால் மூன்றாவது குறிப்பு. அப்பச்சனுடைய குனிந்த தலை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அழுகை முட்டியது. அழவும் அலுப்பாக இருந்தது.

தள்ளுவண்டியை அறுவை அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். ராஜபாய் பக்கத்தில் துணியோடு நின்றாள்.

"டாக்டர், இவங்க காப்பியும் கஞ்சித்தண்ணியும் குடிச்சிருக்காங்க," என்றாள் விக்டோரியா. "ஒரு மணி நேரந்தான் ஆச்சு. தப்பு எனக்கதுதான். நான் அட்டை தொங்கவிடல்ல."

டாக்டர் குழாயை மூடினார். "வார்டுக்குக் கொண்டுபோ. வியாழக்கிழமை பார்ப்போம்," என்று மட்டும் சொன்னார். கையுறைகளைப் போடாமலே போய்விட்டார்.

பன்னிரண்டாம் கட்டிலில் அதன்பிறகு நடந்தது ஒரு தனிக் கச்சேரி. மரியபுஷ்பத்தின் புருஷன் கிளீட்டஸ் கடலுக்குப் போகாமல் காத்துக்கிடந்தவன். "இன்னும் மூணு நாளா? எனக்க தொழிலு என்னாவது? நம்ம ஊரு பிள்ள இருக்கேன்னு நம்பி வந்தோம் பாத்தியா" என்று விக்டோரியாவின் முகத்துக்கு நேரே கேட்டான். மரியபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சவம், ஒரு காப்பிக்கு இந்தப் பாடா" என்றாள். விக்டோரியா விளக்கம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஒன்பதாம் கட்டிலுக்குப் புண் கட்டவேண்டியிருந்தது. பதினான்கு, பதினேழு, இருபது. கட்டுத்துணி தீர்ந்துபோய் அலமாரிக்கு நடந்தாள். சிவப்பு அட்டைகள் மேல் தட்டிலேயே அடுக்கியிருந்தன.

மத்தியானம் மூன்று மணிக்கு ராஜபாய் கூப்பிட்டாள். கறுப்புப் புத்தகம் திறந்திருந்தது. குறிப்பு ஏற்கெனவே எழுதி, மை காய்ந்திருந்தது. 'அறுவைக்கு முன் அட்டை தொங்கவிடவில்லை. நோயாளி ஆகாரம் கொண்டாள். அறுவை தள்ளிவைக்கப்பட்டது.'

விக்டோரியா இரண்டு தரம் வாசித்தாள். "நானே வந்து சொன்னது இதுல இல்லையே, சிஸ்டர்?"

"தப்பு எழுதுகதுக்குத்தான் இந்தப் பொஸ்தகம். மத்ததுக்கு இதுல எடமில்ல."

"டாக்டர்ட்ட..."

"கேட்டுப் பாத்தேன். ரெண்டு தரம் கேட்டேன். ஒருத்திக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணுமாம். மாசக் கடைசி வரைக்கும் நீ வரலாம். வியாழக்கிழமை அறுவைக்கும் நீதான் நிக்கணும்."

விக்டோரியா பேனாவை எடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே கால் மாற்றி நின்றாள். ராஜபாய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்து, "இரி" என்றாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர் அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

ராஜபாய் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மேலே அவளுடைய பெயர். வேலையில் சேர்ந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. பழுப்பேறிய வெறும் காகிதம்.

"சுத்தமா இருக்கா?"

"இருக்கு, சிஸ்டர்."

"எனக்கு ஆறு மாசம் முடிய பத்து நாள் கெடந்துது அப்ப. அந்தக் காலத்துல ஒரு குறிப்பு விழுந்தாலே வீட்டுக்குத்தான். ஒரு பொம்பளைக்கு இதே மாதிரிதான் கட்டி. தள்ளுவண்டியில ஏத்துனேன். வாயில மோர் வாசனை அடிச்சுது. எனக்குத் தெரிஞ்சுது, பிள்ளே. நான் ஓடிப்போயி அட்டைய எடுத்துத் தலைமாட்டுல தொங்கவிட்டேன்." ராஜபாயின் முகம் எப்போதும் போலவே இருந்தது. "மயக்கம் குடுத்து நாலே நிமிஷம்."

"ஒருத்தரும் கேக்கல்லியா?" என்றாள் விக்டோரியா.

"அட்டை தொங்குதே. யாரு கேப்பா? அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைய. மூத்தவ இப்ப நம்ம அடுக்களைக்குக் கீரை கொண்டு வாறா, இசக்கின்னு. திங்கக்கிழமைதோறும் போறப்ப எனக்குன்னு ஒரு கட்டு தனியா வச்சுட்டுப் போவா. அவ அம்மையக் கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்ட சிஸ்டராம் நான்." காலால் மேசைக்கு அடியில் எதையோ ஒதுக்கினாள். "நானும் வாங்கி ஆக்கித் திங்கியேன். இன்னைக்கும் வச்சுட்டுப் போயிருக்கா."

மேசைக்கு அடியில், வாழைநாரில் கட்டிய ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது.

விக்டோரியா தன்னுடைய பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது குறிப்பின் கீழே கையெழுத்துப் போட்டாள். வார்டிலிருந்து யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். ஏழு மணியாக இன்னும் நாலு மணி நேரம் கிடந்தது. அவள் எழுந்து போனாள்.