மீன் போட்ட மனு

அன்று மாலை உயிரியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: துறையின் ஓய்வுபெற்ற தலைவர், இப்போதைய விரிவுரையாளரான அவருடைய தம்பி மகள், ஆய்வக உதவியாளர், சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் முதலாண்டு மாணவி. ஐந்தாவதாக யாரும் இல்லை. பின்னால் கதை கட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிணாமப் பாடத்துக்குத் தம்பி மகள் புதுவிதத் தேர்வு வைத்திருந்தாள். விடையைக் குறித்தால் போதாது, காரணமும் எழுத வேண்டும். இருவர் தனித்தனியே திருத்தி மதிப்பெண்கள் ஒத்துப்போனால்தான் கல்லூரி அதை ஏற்கும். இல்லையென்றால் பழைய மனப்பாடத் தாள்தான். இரண்டாவது ஆளாகப் பெரியப்பாவை அழைத்தாள். அவர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

இருபது தாளில் ஒத்துப்போனவை ஆறு. அவருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

“எங்கப்பா, நான், இப்ப நீ. மூணு தலைமுறையா திருத்தறோம். நம்ம வீட்டு ஆளுங்க போட்ட மார்க்கை யாரும் கேள்வி கேட்டதில்ல.”

கேள்வி இதுதான்: குகை மீனுக்கு ஏன் கண் இல்லை? ‘இருட்டில் தேவைப்படவில்லை, அதனால் போய்விட்டது’ என்றவர்களுக்கு அவர் முழு மதிப்பெண் போட்டிருந்தார், அவள் சுழியம். சுருட்டையின் தாளில் தலைகீழ். அதைக் கேட்கத்தான் அந்தப் பெண் வந்து நின்றாள்.

“தேவைங்கற வார்த்தையே உன் தாள்ல இல்லையேம்மா?”

“சார், கண்ணு வேணாம், எடுத்துக்கோங்கன்னு மீன் என்ன மனுவா போட்டுச்சு?”

உதவியாளர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

“சிலது பிறக்கும்போதே கண்ணு சரியில்லாம பிறக்கும் சார். வெளிச்சத்துல அது பிழைக்காது. இருட்டுல அதுக்கு நஷ்டமில்ல; கண்ணுக்குப் போற தீனியும் மிச்சம். அதோட குஞ்சுங்கதான் பெருகுச்சு. எந்த மீனும் மாறல சார், கூட்டம்தான் மாறுச்சு.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘தேவைப்படவில்லை, அதனால்’ என்பது ஆண்டுதோறும் வகுப்பில் அவரே சொன்ன வாக்கியம்.

“பெரியப்பா, வேணும்னா வேற ஆளை...”

“சும்மா இரு. முப்பது வருஷமா மீனுக்கு மனு எழுதிக் குடுத்தவன் நான்தான். அடுத்த பேப்பர் கட்டை எடு.”

முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு புதிதாக இருபது தாளை ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து திருத்தினார்கள். தேர்வைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது.

பழைய தலைவரை ஒரு மாணவி அழவைத்துவிட்டாள், பரிணாமத்தில் அவர் தோற்றார் என்று கேண்டீனில் பேசிக்கொள்கிறார்கள். அவர் அழவில்லை. இரண்டாவது தாள்கட்டில் இருபதுக்குப் பத்தொன்பது ஒத்துப்போயின. மீதி ஒன்றில், தாளின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க மறந்தது தம்பி மகள்.